சனிக்கிழமை நோட்டு: பணக்கவலைக்கு நடுவே இன்றைக்கு வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 17 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் 70 பேருக்குச் சம்பளக் கவர் போட்டுக் கொடுப்பது என் வேலை. கவரை வாங்கும்போதே பாதிப் பேர் முகத்தில் அந்தப் பணம் செலவாகி முடிந்திருக்கும். கேட்டுக்கு வெளியே தண்டல்காரர் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார், டீக்கடையில் வாரக் கணக்கு இருக்கும். எங்கள் தெரு மகளிர் குழுவிலும் நோட்டு எழுதுவது நான்தான். அதனால் பணம் பற்றிய கேள்விகள் என்னிடம் நிறைய வரும். கொஞ்ச நேரம் பேசினால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "காசு காசுன்னே நாள் போயிருதுங்க்கா, எப்பத்தான் வாழறது?"

நான் நிதி ஆலோசகரும் இல்லை, சாமியாரிணியும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, நான் சொன்ன பதில்களோடு எழுதி வைக்கிறேன்.

"இன்றைக்கு வாழு" என்பதெல்லாம் வசதியானவங்க பேச்சு இல்லையா?

பாதி உண்மை. வாடகை பாக்கி இருக்கிறவளிடம் வந்து மூச்சைக் கவனி என்று ஒருவர் சொன்னால் எனக்கும் எரிச்சல்தான் வரும். பணமுடை தலைக்குள் இடத்தை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வேறு எதையும் வைக்க முடியாது.

இதை நம் பக்கத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஆய்வு அது. 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. கரும்புக்காரருக்குப் பெரும்பணம் வருவது வெட்டு முடிந்த பிறகுதான். ஆகவே அதே ஆள் வெட்டுக்கு முன்னால் கை வறண்டு இருப்பார், பின்னால் கொஞ்சம் தெம்பாக இருப்பார். வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். பின்னால் 4 சதவீதம் பேர். இரண்டு சமயத்திலும் ஒரே வகையான புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுக்கு முன்னால் தப்பு அதிகம், பின்னால் குறைவு. அதே ஆள், அதே படிப்பு, அதே மூளை.

அதனால் யாராவது தன்னைத்தானே "எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சு" என்று திட்டிக்கொண்டால் நான் இந்தக் கரும்புக் கதையைச் சொல்வேன். பணத்தைச் சட்டென்று கூட்ட நம்மால் முடியாது. ஆனால் அது தலைக்குள் அடைக்கிற இடத்தைக் கொஞ்சம் குறைக்க முடியும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

அப்போ கவலைப்படாம இருக்கிறது எப்படி?

இருக்க முடியாது. நான் செய்வது, கவலைக்கு ஒரு கிழமையும் ஒரு மணி நேரமும் ஒதுக்கியது மட்டும்தான்.

அது எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். 2018இல் என் நாலரைப் பவுன் சங்கிலி ஒரு நிதி நிறுவனத்தில் அடகில் இருந்தது. கெடு தாண்டி அங்கிருந்து இரண்டு நோட்டீஸ் கவர் வந்தன. இரண்டையும் பிரிக்காமல் பிரிட்ஜ் மேலே, பழைய காலண்டருக்கு அடியில் சொருகி வைத்தேன். பிரித்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடுமே என்ற பயம். மூன்று மாசம் கழித்து நகை ஏலத்தில் போனது. போன பிறகுதான் கவரைப் பிரித்தேன். அப்போதைக்கு 6,200 ரூபாய் வட்டி கட்டியிருந்தால் திருப்பி வைத்திருக்கலாம். குழுவில் என் பெயரில் 9,000 ரூபாய் சேமிப்பு இருந்தது.

நகையைவிட எனக்கு வலித்தது வேறொன்று. அந்த மூன்று மாசத்தில்தான் என் மகளுக்கு யுகேஜி ஆண்டு விழா. மயில் வேஷம் போட்டு ஆடினாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், போட்டோவில் இருக்கிறேன், கை தட்டுகிறேன். ஆனால் அவள் ஆடியது எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு முழுக்க நான் பிரிட்ஜ் மேலே இருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சனிக்கிழமை நோட்டு. 40 பக்க நோட்டு, வேறொன்றும் இல்லை. சாப்பாடு முடிந்து எட்டரைக்கு உட்காருவேன். இடது பக்கம் கையில் இருப்பது: கவர், பேங்கில் இருப்பு, அரிசிப் பானைக்குள் இருப்பது உட்பட. வலது பக்கம் வருகிற ஏழு நாளில் கொடுக்க வேண்டியது மட்டும். அடுத்த மாசத்தையோ அடுத்த வருஷத்தையோ அங்கே எழுதுவதில்லை. அடியில் ஒரு கோடு போட்டு "தெரியாதது" என்று எழுதுவேன். கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று தெரியாது, மாமியாருக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எவ்வளவு என்று தெரியாது, இப்படி.

கொஞ்ச நாள் எழுதினால் உங்களுக்கே தெரிந்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பது வலது பக்கம் இல்லை, அடியில் இருக்கிற தெரியாத வரிகள்தான். ஒவ்வொரு தெரியாத வரிக்கும் பக்கத்தில் ஒரு கிழமையும் ஒரு நேரமும் எழுதுவேன்: "ஸ்கேன், திங்கள் மத்தியானம் 1 மணிக்குப் போன் செய்து கேட்கணும்." அவ்வளவுதான். நோட்டை மூடி கிரைண்டர் மேலே வைத்துவிடுவேன்.

வாரத்தின் நடுவில் கவலை வந்தால்? வரும். செவ்வாய்க்கிழமை தோசை ஊற்றும்போது வரும். அன்றைக்குக் கிழித்த காலண்டர் தாளின் பின்னால் ஒரு வரி எழுதி நோட்டுக்குள் சொருகிவிடுவேன். சனிக்கிழமை அதற்கு முறை வரும். சில தாளைச் சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், எதற்கு எழுதினேன் என்றே தெரியாது. சில தாள் உண்மையிலேயே பெரிய விஷயமாக இருக்கும். எது எது என்று செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரிந்ததே இல்லை.

எனக்குப் பீஸ் ரேட், தைச்ச உருப்படிக்குத்தான் கூலி. ஒரு வாரம் 5,000, ஒரு வாரம் 2,900. இதுக்கு என்ன பட்ஜெட் போடறது?

கடைசி எட்டு வாரத்தில் எது குறைந்ததோ அதுதான் உங்கள் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,900 வந்த வாரம் ஒன்று இருந்தால் வீடு 2,900க்கு ஓடணும். ஓடவில்லை என்றால் எது இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் கடன் தவணையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, வாரச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் இருக்கிற ஒரு சௌகரியம். யாரும் கவனிப்பதில்லை. வருஷத்துக்கு 52 வாரம்; மாசத்துக்கு நாலு கவர் என்று போட்டால் 48தான் ஆகும். மீதி நாலு கவர் ஐந்து சனிக்கிழமை வருகிற மாசங்களில் ஒளிந்துகொண்டிருக்கும். 2026இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாசங்களில் ஐந்து சனிக்கிழமை. வாடகையையும் மளிகையையும் நாலு கவரில் முடித்துப் பழகிவிட்டால் மே மாச ஐந்தாவது கவர் அப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போகும். அக்டோபர் கவர் தீபாவளிக்கு. கொஞ்சம் பயிற்சி வேணும். முதல் வருஷம் எனக்கு இரண்டு கவர்தான் தப்பியது.

மகளிர் உரிமைத்தொகை வருகிறவர்கள், தேதி ஓரளவு மாறாமல் வருகிற வரவு அது ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் செக்கிங் அக்கா ஒருவர் அதில் 500ஐத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டு வருகிறார். ஐந்து வருஷக் கணக்கு, மாசம் 100 ரூபாயில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

நாலு இடத்துல கடன் இருக்கு. எதை முதல்ல அடைக்கறது?

வட்டி அதிகமானதை. நம் ஆட்கள் அடைப்பது யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவரை. அங்கேதான் தப்பு நடக்கிறது.

நம் ஊர்ப் பேச்சில் வட்டி சின்னதாகத் தெரியும், அதனால் ஒருமுறை வருஷக் கணக்காக மாற்றிப் பாருங்கள். "ரெண்டு வட்டி" என்றால் 100க்கு மாசம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். "அஞ்சு வட்டி" 60 சதவீதம். கிரெடிட் கார்டில் மாசம் மூன்றரை சதவீதம் போட்டால் வருஷத்துக்கு 42. தண்டலில் 10,000 என்று பேசி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, வாரம் 1,000 வீதம் 10 வாரம் வாங்குவார்கள். கேட்பதற்கு 10 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் வாரா வாரம் அசலையும் திருப்பிக்கொண்டே வருவதால் வருஷக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். இதை ஒருமுறை கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன், ஓவர்லாக் தம்பி ஒருவன் கால்குலேட்டர் கெட்டுப்போச்சு என்றான்.

குழுக் கடன் கொடுக்கிற மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் இருந்து விதிகள் வைத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாச வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னாலும் சாயங்காலம் 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தால் இந்த விதியைச் சொல்லுங்கள். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003இல் இருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, போலீஸில் புகார் கொடுக்கலாம். அக்கம்பக்கத்துக்குப் பயந்துதான் பலர் கொடுப்பதில்லை.

கடனை வெச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட்டா தப்பா?

தப்பில்லை. ஆனால் எவ்வளவு என்பது சனிக்கிழமையே நோட்டில் இருக்கணும். எங்கள் வீட்டில் வாரம் 300 ரூபாய் "கேட்காத காசு". யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. ஒரு வாரம் பிரியாணி, ஒரு வாரம் மல்லிகைப்பூவும் பஜ்ஜியும், ஒரு வாரம் என் வீட்டுக்காரர் மீன் தொட்டிக்குக் கூழாங்கல் வாங்கி வந்தார். கூழாங்கல்லுக்கு 180 ரூபாய். நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது.

கணக்கில் இல்லாத பிரியாணி தொண்டையில் நிற்கும். திங்கறதும் திங்கணும், திங்கும்போதே மனசுக்குள் தவணையைக் கழித்துக்கொண்டும் இருக்கணும் என்றால் இரண்டும் நஷ்டம்.

எந்திரி, சமை, கம்பெனிக்குப் போ, வா, சமை, தூங்கு. தினமும் இதேதான். இதுல எங்க வாழறது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஏனென்றால் நானும் பல வருஷம் வாழ்க்கை வேறெங்கோ, பழநி டூரிலோ தீபாவளியிலோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் 330 நாள் சாதா நாள். அதை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு மாசம்.

2010இல் இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2,250 பேருக்குப் போனில் நினைத்த நேரத்தில் கேள்வி அனுப்பினார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனசு கை செய்கிற வேலையில் இல்லை. இல்லாதபோது சந்தோஷமும் குறைவு. எனக்குப் பட்டது என்னவென்றால், ஒருவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதைவிட மனசு அதில் இருந்ததா இல்லையா என்பதுதான் சந்தோஷத்தை அதிகம் தீர்மானித்தது. அப்படியென்றால் பாத்திரம் கழுவுவதுகூடக் கணக்கில் வரும்.

நான் எல்லா நேரமும் கவனமாக இருக்க முயற்சி செய்யவில்லை. அது நடக்காது. நாளுக்கு ஒரு இடம் பிடித்தேன்: காலை ஏழு பத்து, மகளுக்கு ஜடை. முன்பெல்லாம் ஜடை பின்னிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டு குழுத் தலைவியிடம் பேசுவேன். இப்போது அந்த எட்டு நிமிஷம் போன் சமையல்கட்டில் இருக்கும். தேங்காயெண்ணெய் உள்ளங்கையில் ஊற்றினால் மார்கழியில் உறைந்து பொடிப்பொடியாக இருக்கும், தேய்க்கத் தேய்க்க இளகும். அவளுக்கு வலது காதுக்குப் பின்னால் ஒரு சுழி. அந்த இடத்தில் முடி எப்போதும் எதிர்ப்பக்கம் திரும்பும், இரண்டு தடவை வாரணும். 13 வயசுப் பிள்ளை முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லாது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது சொல்லும். கணக்கு மிஸ்ஸைப் பிடிக்கவில்லை என்பதும், சிநேகிதி பேசுவதில்லை என்பதும் எனக்கு ஜடையில்தான் தெரிந்தது.

வழக்கம் சலிப்பாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வழக்கம் இருப்பதால்தான் கை தன்னால் ஓடுகிறது. கை தன்னால் ஓடும்போது மனசு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற மனசை நாம் தவணைக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறோம்.

வீட்டுக்காரர்கிட்ட பணப் பேச்சை எடுத்தாலே சண்டை. என்ன பண்றது?

எங்கே, எப்போது எடுக்கிறீர்கள்? நான் எடுத்ததெல்லாம் ராத்திரி பத்து மணிக்கு, அவர் ஸ்கூல் வேன் ஓட்டிவிட்டு வந்து படுக்கும்போது. "என்னுங்க, சீட்டுக்கு என்ன பண்றது?" என்பேன். "அப்புறம் பாக்கலாம் அம்மிணி" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. நான் குரலை உயர்த்துவேன், அவர் திரும்பிப் படுப்பார்.

நோட்டு வந்த பிறகு ஒரு மாற்றம். கேள்வி என் வாயில் இருந்து வருவதில்லை, நோட்டில் எழுதி இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறோம், முகத்தைப் பார்ப்பதில்லை. "நீ ஏன் செலவு பண்ணே" என்பது "இந்த வரி என்னது" என்று மாறியது. முதல் மாசம் அவர் உட்காரவே இல்லை, டிவி பார்த்தார். இரண்டாவது மாசம் டிவியைப் பார்த்துக்கொண்டே "டீசல் எழுதிட்டியா?" என்றார். வேனுக்கு அவர் வாங்கியிருந்த 15,000 ரூபாய்க் கைமாற்று எனக்குத் தெரியவந்தது ஐந்தாவது மாசம்தான். அவராகவே பேனாவை வாங்கி எழுதினார். அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை, காபி போட்டேன். மறுநாள் பேசினேன் என்பது வேறு விஷயம்.

குடிப்பழக்கமோ அடிதடியோ இருக்கிற வீட்டில் நோட்டு வேலைக்காகாது. அங்கே முதலில் 181க்குப் போன் செய்யணும். பெண்களுக்கான உதவி எண் அது.

மொய், சீர் இதெல்லாம்தான் என்னைக் கவுக்குது.

எல்லாரையும்தான். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே ஞாயிறு மூன்று பத்திரிகை வரும். மொய் நோட்டைத் திறந்து நமக்கு அவர்கள் எவ்வளவு வைத்தார்கள் என்று பாருங்கள், அதற்குமேல் போக வேண்டாம். மூன்று கல்யாணத்துக்கும் போய் மூன்றிலும் அவசரமாகச் சாப்பிடுவதற்குப் பதில், ஒன்றுக்கு முழுசாகப் போங்கள், மற்ற இரண்டுக்குக் கவர் கொடுத்து அனுப்புங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் முகூர்த்தம் இல்லை. அந்த இரண்டு மாசமும் மொய்க்கென்று வாரம் 100 எடுத்து வைத்தால் அடுத்த சீசன் தாங்கும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடியில்தான் மொய் விருந்தே நடத்துகிறார்கள், அவர்களுக்கு இந்த யோசனை செல்லாது.

ஸ்டேட்டஸ் பார்த்தா வயிறு எரியுது.

பார்க்காதீர்கள். மியூட் பட்டன் இலவசம்.

எனக்கு ஏதாவது ஆயிட்டா பிள்ளைகளுக்கு யாரு? இந்த நினைப்பு விடவே மாட்டேங்குது.

இந்த நினைப்புக்கு மட்டும் கொஞ்சம் காசு செலவு செய்யுங்கள். பேங்கில் அல்லது தபால் ஆபீஸில் கணக்கு வைத்திருந்தால் பிரதமரின் விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். 18 முதல் 70 வயசு வரை சேரலாம். பிரதமரின் ஆயுள் காப்பீடு வருஷத்துக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், சேர்வதற்கு 50 வயசுக்குள் இருக்கணும். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் புதுப்பிப்பு நின்றுவிடும், நம் ஆட்களுக்கு அங்கேதான் விட்டுப்போகிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்குங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை.

பதிவு இல்லாத தீபாவளிச் சீட்டில் போடுகிற காசுக்கு இந்த மாதிரிக் காவல் எதுவும் கிடையாது. சீட்டு கட்டணும் என்றால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் கட்ட வேண்டாம்.

ஆர்டரே இல்லை, வேலை இருக்குமான்னு தெரியலை. இப்பவும் இன்னைக்கு வாழுன்னு சொல்வீங்களா?

2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா நம் துணிக்குக் கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது எங்கள் கம்பெனியில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, நின்றது. அப்புறம் வாரம் நாலு நாள் வேலை. கவர் போடுகிறவள் நான் என்பதால் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வாரங்களில் யாரிடமும் இன்றைக்கு வாழு என்று நான் சொல்லவில்லை. துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் இருந்த பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறவள், கவரை வாங்கி எண்ணிவிட்டுத் திரும்ப எண்ணினாள். அவளிடம் என்ன சொல்வது?

குழுவில் உட்கார்ந்து மூன்று கேள்விதான் எழுதினோம். வேலை முழுசாக நின்றால் இருக்கிற காசில் எத்தனை வாரம் ஓடும்? யாரிடம் முன்கூட்டியே போய்த் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம்? வேறு என்ன வேலை கை தெரியும்? அந்தப் பெண்ணுக்கு முதல் கேள்விக்குப் பதில் ஐந்து வாரம் என்று வந்தது. ஒரு வாரம்தான் என்று நினைத்திருந்தாளாம். ஐந்து வாரம் பெரிய காலம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் பிள்ளைகளோடு நடந்தே வீட்டுக்குப் போனாள், வழியில் சோளம் வாங்கிக் கொடுத்தாள் என்று பின்னால் சொன்னாள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து, அப்புறம் தூக்கமே இல்லை.

படுத்துக்கொண்டே கணக்குப் போடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கணக்கும் நேராக வராது. எழுந்து தண்ணீர் குடித்து, காலண்டர் தாளில் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் படுங்கள். வாரக்கணக்கில் இப்படியே போனாலோ, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, நோட்டை விடுங்கள். 14416 டெலிமானஸ், அரசு நடத்துகிற இலவச எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104லும் பேசலாம். தையல் மிஷின் வலி என்று கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதில்லையா, இதுவும் அப்படித்தான்.

தியானம் பண்ணினா உதவுமா?

பண்ணுகிறவர்கள் உதவும் என்கிறார்கள். எனக்குக் கண்ணை மூடினால் தூக்கம் வருகிறது.

பிள்ளைகள்கிட்ட பணக்கஷ்டத்தைச் சொல்லலாமா?

ரொம்ப நாள் சொல்லாமல்தான் இருந்தேன். பிள்ளைகளுக்குத் தொகை தெரியாது, ஆனால் பயம் தெரியும். நாம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைக் கேட்டு இருப்பதைவிடப் பெரியதாக நினைத்துக்கொள்ளும்.

போன வருஷம் மகன் ஐந்தாம் வகுப்பு. மைசூர் டூருக்கு 1,850 ரூபாய் என்று சீட்டு கொண்டுவந்தான். கொடுத்துவிட்டு, "வேணாம்மா, எனக்கு வேன்ல வாந்தி வரும்" என்றான். அப்பா வேனில் தினமும் போகிறவன். வாந்தி எடுத்ததே இல்லை.

சனிக்கிழமை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து நோட்டைக் காட்டினேன். இடது பக்கம், வலது பக்கம் எல்லாம். விரலை வைத்துக் கூட்டிப் பார்த்தான். "அவ்வளவு மோசம் இல்லையே" என்றான். டூர் மூன்று வாரம் கழித்து. வாரம் 600 எடுத்து வைத்தால் 50 ரூபாய்தான் குறையும் என்று அவனே சொன்னான். கேட்காத காசில் இரண்டு வாரம் வேண்டாம் என்று மகள் சொன்னாள். அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் கோணியது.

போய்விட்டு வந்தான். அரண்மனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கி நாக்கு கறுப்பாக இருந்ததாம், அதை மட்டும் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். நோட்டில் அந்த வார வலது பக்கத்தில் 1,850க்கு நேராக அவன் எழுதி வைத்திருக்கிறான்: "நாக்கு."